நான்கு பச்சை புஷ்கள்

எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் எழுதப்போகும் மனிதரை ஒரு நாள் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அதன் பிறகுதான் அவரைப் புரிந்துகொண்டேன். அதுவும் இருபத்திரண்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்த பிறகு.

திட்டியது ஒரு சக்கர நாற்காலிக்காக. என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும், அவர் வீட்டில் சும்மா கிடந்த நாற்காலியைக் கேட்டேன். ஒரு வாரம் அவகாசம் வாங்கிக்கொண்டு, அவரே கொண்டுவந்து கொடுத்தார். நன்றியோடு இருந்திருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த நாற்காலி கத்தியது. நகர்த்தினால் கத்தியது, திருப்பினால் கத்தியது, அம்மா தும்மினால்கூடக் கத்தியது. அவர் வீட்டில் கடைசியாக ஓடிய மாதங்களில் அது வாயே திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கொடுக்கும்போது வேண்டுமென்றே எதையோ மாற்றிக் கொடுத்திருக்கிறார். நான்காவது நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. அதைக் கேட்கத்தான் போனேன். அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதிலைச் சொல்வதற்கு முன்னால், அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாட்டிலில் பழச்சாறு அடைக்கும் தொழிற்சாலை எங்களுடையது. நான் ஸ்டோர் கீப்பர். அவர் டர்னர். மெஷின்களில் தேய்ந்துபோகும் உருளை, புஷ், அச்சு எல்லாவற்றையும் லேத்தில் கடைந்து கொடுப்பது அவர் வேலை. எதைக் கடைந்தாலும் அளந்து பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு மைக்ரான் எடுக்கணும்" என்பார். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் மைக்ரான். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது, அவருக்கு மட்டும் தெரியும். அதனால் அவர் பெயரே மைக்ரான் ஆகிவிட்டது. அதுதான் நிஜப் பெயர் என்று நினைத்து "திரு. மைக்ரான் அவர்களுக்கு" என்று கடிதம் அனுப்பிய ஆபீஸ் பெண்ணும் உண்டு. அவர் அதை எடுத்துக்கொண்டு போய் வீட்டில் காட்டினார்.

எனக்கு அவர் அண்ணன். அவருக்கு நான் "ஸ்டோரு". எங்களுக்குள் சண்டை இல்லாத வாரம் கிடையாது. நான் கொடுக்கும் ராடை வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்.

"இது நேரா இல்ல ஸ்டோரு."

"ராடு நேராத்தான் இருக்கு. உங்க கண்ணுதான் கோணல்."

"மாத்திக் குடு."

மாற்றிக் கொடுக்க மாட்டேன் என்பேன். கடைசியில் மாற்றிக் கொடுப்பேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அதுதான் எனக்கு எரிச்சல்.

அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் முதுகுத்தண்டில் ஒரு கட்டி வந்தது. எடுத்தார்கள். கட்டியோடு கால்களும் போய்விட்டன. இதற்காக அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. "ஒரு நிமிஷம் உட்காருன்னு உங்க அண்ணன் சொல்லிக்கிட்டே இருப்பாரு. இப்பத் திருப்தியா உட்கார்ந்துட்டேன்" என்பார். பிள்ளைகள் இல்லை. அவருக்கு இவர், இவருக்கு அவர்.

அந்த நாற்காலி அண்ணனே செய்தது. ஒதுக்கிப் போட்ட குழாய்களை வளைத்துப் பற்றவைத்து, ரப்பர் போட்ட தள்ளுவண்டிச் சக்கரங்கள் பெரிதாக இரண்டு, முன்னால் சின்னதாக இரண்டு பொருத்தினார். சக்கரத்துக்கு நடுவே, அச்சு சுற்றும் இடத்தில், ஒரு குட்டிக் குழாய் இருக்கும். அதுதான் புஷ். நான்கு சக்கரத்துக்கும் பித்தளையில் புஷ் கடைந்து போட்டார். அருமையான வேலை. ஆனால் பித்தளைக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நாற்காலி தினமும் குளியலறைக்குப் போகும், தண்ணீர் பட்டு எண்ணெய் கழுவிப்போகும். அதிகமாக விட்டால் தரையில் சொட்டும், சொட்டிய இடத்தில் தூசியும் தலைமுடியும் அப்பும். அண்ணி வீட்டிலிருந்தே சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மடியில் கிடக்கும் வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டுப் பட்டால் போச்சு. அதனால் எண்ணெயைக் கஞ்சத்தனமாக விட்டார்கள். நாற்காலி முட்டையிடப் போகும் கோழி மாதிரிக் கத்தியது. அண்ணி அதற்குக் கோழி என்றே பெயர் வைத்துவிட்டார்.

"கோழி எங்க நிக்குதுன்னு பாருங்க, நான் இறங்கணும்" என்பார். வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

அண்ணன் எப்போதும் இரவு ஷிப்ட்தான் கேட்டு வாங்கிக்கொள்வார். இரவில் அண்ணி தூங்கிவிடுவார். ஏதாவது அவசரம் என்றால் சுவரில் தட்டினால் போதும், பக்கத்து வீட்டு டீச்சர் வந்துவிடுவார். பகலில் டீச்சர் பள்ளிக்கூடம் போய்விடுவார், அப்போது அண்ணன் வீட்டில் இருப்பார். காலையில் வந்து அண்ணியைக் குளிக்கவைத்து, இருவரும் சாப்பிட்டு, ஒன்பது மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்கு அலாரம். நடுவில் கோழி கத்தும். கத்தினால் அவருக்கு விழிப்பு வந்துவிடும்.

பத்து வருஷத்தில் அந்தச் சத்தம் அவருக்குப் பாஷை மாதிரி ஆகிவிட்டது. நீளமாகக் கத்தினால் சமையலறைக்குப் போகிறாள். விட்டுவிட்டுக் கத்தினால் ஜன்னல் பக்கம் திரும்புகிறாள். டொக்கென்று ஒரு இடியும் இரண்டு சின்னக் கத்தலும் வந்தால் படுக்கையறை நிலைப்படியில் ஏற முயற்சி செய்கிறாள், ஏதோ வேண்டும். தூக்கத்திலேயே எழுந்து, "என்ன வேணும்?" என்று கேட்பார். "ஒண்ணும் வேணாம், படுங்க" என்று அண்ணி சொல்லும்போது பாதித் தூக்கம் போயிருக்கும்.

ஒரு நாள் காலை ஆறு மணிக்கு ஸ்டோர் ஜன்னலுக்கு வந்து புது வேலைச்சட்டை கேட்டார். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். கையைக் காட்டச் சொன்னேன். சட்டைக் கை முழங்கை வரை கிழிந்து தொங்கியது. லேத்துக்கு முன்னால் நின்றபடியே ஒரு நொடி கண் அசந்திருக்கிறார், சுற்றுகிற அச்சு சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறது. சட்டை நைந்தது, அதனால் கிழிந்துவிட்டது. புதுத் துணியாக இருந்திருந்தால் கையே போயிருக்கும்.

"யார்கிட்டயும் சொல்லாத ஸ்டோரு."

சொல்லக்கூடாதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு அண்ணியிடம் சொல்லிவிட்டேன். "அண்ணன் இப்பல்லாம் லேத்தைத் தலகாணியா வெச்சுத் தூங்கறாரு, சட்டையெல்லாம் கிழியுது" என்றேன். அண்ணி சிரித்தார். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சிரித்தார். பிறகு, "தூக்கம் பத்தலையா அவருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து ஒன்பது மணி முதல் மூன்று மணி வரை கோழி கத்தவில்லை. தான் புதிதாக விட்ட எண்ணெய்தான் நின்று வேலை செய்கிறது என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். என்னிடம் பெருமையாக அந்த எண்ணெயின் பெயரைச் சொன்னார். நன்றாகத் தூங்கி முகமெல்லாம் தெளிந்திருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் மதியம் தொண்டை வறண்டு அவருக்கே விழிப்பு வந்தது. எழுந்து வெளியே வந்தார். அண்ணி ஜன்னலோரம், காலையில் அவர் விட்டுப்போன அதே இடத்தில், கையைச் சக்கரத்தில் வைக்காமல் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் சமையலறை மேசையில் ஊற்றி வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. மேசைக்கும் நாற்காலிக்கும் எட்டடி தூரம். அண்ணியின் உதடு வெடித்திருந்தது. நாற்காலிக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டார்.

"என்ன எவ்வளவு நாளா? சும்மா உட்கார்ந்திருக்கேன். போய்ப் படுங்க."

அவர் படுக்கவில்லை. துணி எடுத்துத் துடைத்தார். அதைத் துடைக்கும்போது அண்ணி தன் முகத்தை ஜன்னல் பக்கமாகத் திருப்பிக்கொண்டாராம். பத்து வருஷமாக அவரை இவர்தான் குளிப்பாட்டுகிறார், ஒரு நாளும் அப்படித் திரும்பியதில்லையாம். இதை என்னிடம் மறுநாள் காலை ஸ்டோர் ஜன்னலில் நின்று சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "அந்தப் பச்சை ராடுல ஒரு துண்டு வேணும்" என்றார். என் வாயால் வந்த வினை அது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

பச்சை ராடு என்பது நைலான். அந்த வருஷம்தான் எங்கள் தொழிற்சாலைக்கு வந்திருந்தது. பாட்டில் ஓடும் பட்டைக்கு மேலே இருந்த பித்தளை புஷ்களிலிருந்து கிரீஸ் சொட்டி, பாட்டிலுக்குள்ளேயே விழுந்து புகார் வந்ததால், அவற்றை மாற்றத் தீர்மானித்தார்கள். இந்த நைலானை உருக்கி வார்க்கும்போதே எண்ணெயைக் கலந்துவிடுகிறார்கள். பிறகு எண்ணெய் அதன் உடம்புக்குள்ளேயே இருக்கும். அறுத்தாலும் சொட்டாது. தண்ணீரில் கழுவினாலும் போகாது. தேயத் தேய உள்ளிருந்து வந்துகொண்டே இருக்கும். கையில் எடுத்தால் மெழுகு தடவிய மாதிரி வழுக்கும். வெளியிலிருந்து ஒரு சொட்டு விட வேண்டியதில்லை.

அண்ணனுக்கு முதலில் அதைக் கண்டாலே ஆகாது. "இது என்ன, பொம்மை செய்யறதா?" என்றார். பித்தளை கடைந்தால் தூளாகக் கொட்டும். இது நாடா நாடாவாக வந்து லேத்தைச் சுற்றிக்கொண்டு உயிரை வாங்கும். எல்லாவற்றையும்விட, கூடவே வந்த வரைபடம்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. அச்சுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே பித்தளைக்கு விடுவதைப்போல மூன்று நான்கு மடங்கு இடைவெளி விடச் சொல்லியிருந்தார்கள். "இவ்வளவு லூசா விட்டா இதுக்குள்ள எலி குடும்பம் நடத்தும்" என்று சொல்லிக்கொண்டே, தொழிற்சாலை வேலை என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு கடைந்து கொடுத்தார்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கணக்காகத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. விதி என்றால் எனக்கு உயிர். அன்றைக்கு நானே நல்லதாகப் பார்த்து ஒரு சாண் துண்டு எடுத்து, பதிவேட்டில் "சோதனைக்கு" என்று எழுதி அவர் கையில் கொடுத்தேன். அதைக் கொடுத்த கை இது.

வீட்டு நாற்காலிக்கு என்றதும் வரைபடமாவது ஒன்றாவது. தன் மனைவி உட்காரும் நாற்காலியில் எலி குடும்பம் நடத்துவதா? பித்தளைக்கு வைக்கும் அதே இறுக்கத்தில், மயிர் நுழையாமல், நான்கு புஷ் கடைந்து போட்டார். முதல் நாள் நாற்காலி கண்ணாடித் தரையில் சறுக்குவதுபோல ஓடியது. அடுத்த வாரம் அண்ணி குளியலறைக்குள் போனவர் வெளியே வர முடியவில்லை. நைலான் ஈரத்தைக் குடித்து ஊதி, அச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டுவிட்டது. சக்கரம் நான்கும் அசையவில்லை. அண்ணன் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்.

"மைக்ரான் சாருக்குக் கணக்குத் தப்பிடுச்சு போல" என்று அண்ணி சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். அண்ணன் என்னிடம் இன்னொரு துண்டு கேட்க வந்தபோது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய இருபது வருஷத்து மானமே போன மாதிரி இருந்தது. "அது மூச்சு விடறதுக்கு இடம் விடணும் ஸ்டோரு. நான்தான் விடல" என்றார். இரண்டாவது முறை வரைபடத்தில் இருந்தபடியே லூசாகக் கடைந்தார். பித்தளையை அப்படி விட்டால் லொடலொடவென்று ஆடும். இது மென்மையானது, ஆடினாலும் சத்தம் வராது.

அதற்குப் பிறகு வந்த ஏழு மாதங்களைப் பற்றி எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது, ஏனென்றால் அவை நல்ல மாதங்கள். கோழி ஊமையாகிவிட்டது. அண்ணன் தூங்கும்போது அண்ணி வீடு முழுவதும் சுற்றினார். தண்ணீர் குடித்தார், அடுப்பு பற்றவைத்தார், வாசல் வரை போய்த் தெருவைப் பார்த்தார். வெள்ளைச் சட்டைகளில் ஒரு கறை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போய் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அண்ணி எனக்குப் பின்னால் நாற்காலியை உருட்டிவந்து, அண்ணன் மாதிரியே காதில் "ஸ்டோரு" என்றார். டீயை மேலே கொட்டிக்கொண்டேன். அண்ணன் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் வேறு எந்த நாளிலும் பார்த்ததில்லை.

மூன்று மணி ஆகும்போது அண்ணிக்கு இன்னொரு விளையாட்டு இருந்தது. அலாரம் அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் சத்தமில்லாமல் படுக்கையறை வாசலுக்கு வந்து நின்றுகொள்வார். அண்ணன் கண் விழித்தால் முதலில் தெரிவது அவர் முகம்தான். "எவ்வளவு நேரமா வேவு பார்க்கறே?" என்பார் அண்ணன். "குறட்டைய எண்ணிக்கிட்டு இருந்தேன்" என்பார் அண்ணி.

ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு அலாரம் அடித்தது. அண்ணன் கண் விழித்தார். நாற்காலி வாசலில் நின்றது, கொஞ்சம் கோணலாக. அண்ணியின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தூங்குவதுபோல நடிக்கிறாள் என்று நினைத்தார். "இன்னைக்குப் புது நாடகமா?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியை ஒட்டி ஒதுங்கி நடந்து, சமையலறைக்குப் போய் டீ போட்டார். இரண்டு பேருக்கும் போட்டார். போடும்போது அங்கிருந்தே பேசிக்கொண்டிருந்தார். புது மெஷின் வருகிறது, அதற்கு நாற்பது புஷ் கடைய வேண்டும் என்றெல்லாம் சொன்னார். டீயோடு திரும்பி வந்து கையில் கொடுத்தபோதுதான் தெரிந்தது.

டாக்டர் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார். வலது பக்கமும் பேச்சும் முதலில் போயிருக்கும் என்றார். "உடனே யாரும் பார்க்கலையா? ரெண்டு மணி நேரமாவது உயிரோட இருந்திருக்காங்க. அப்பவே கொண்டு வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அண்ணனுக்குப் பக்கத்தில் நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அதன் பிறகு பகல் ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். தொழிற்சாலை முழுவதும் பச்சை நைலானுக்கு மாறியது. அவ்வளவையும் அவர்தான் கடைந்தார். பெரிய கூடமே அமைதியாகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் "மெஷின் ஓடுதா, நிக்குதான்னே தெரியல" என்று பாராட்டினார்கள். அவர் நாடாக்களைப் பெருக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருப்பார். ராடு நேராக இல்லை என்று என்னிடம் சண்டைக்கு வருவதை நிறுத்திவிட்டார். நான் வேண்டுமென்றே இரண்டு முறை கோணல் ராடு கொடுத்துப் பார்த்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வருஷம் என் அம்மா விழுந்தாள். நாற்காலி வந்தது, கத்தியது, நான் அவரைத் திட்டப் போனேன்.

ஷிப்ட் முடிந்து லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே ஆரம்பித்தேன்.

"அண்ணே, மனுஷனுக்கு மனுஷன் இப்படிப் பண்ணுவாங்களா? நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டி. பச்சை புஷ்ஷைக் கழட்டிட்டு அந்தப் பழைய பித்தளையப் போட்டுக் குடுத்திருக்கீங்க. அந்தப் புஷ்ஷு உங்க ஞாபகத்துக்கு வேணும்னா சொல்லியிருந்தா வேற கடைஞ்சிருக்கலாம். நான் குடுத்த துண்டுதானே அது? எங்கம்மா வயசானவங்க, அந்தச் சத்தத்துல எங்களுக்குத் தூக்கம் இல்ல. குடுக்க மனசில்லன்னா குடுக்காம இருந்திருக்கணும்."

இன்னும் சொன்னேன். அதையெல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் கடைசிவரை கேட்டார். பிறகு கருவிப் பெட்டியின் அடித்தட்டைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த நான்கு பச்சை புஷ்களையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார்.

"அளந்து பார்த்தேன் ஸ்டோரு. ஏழு மாசம் ஓடியிருக்கு. ஒரு மைக்ரான்கூடத் தேயல. என் சர்வீஸ்ல இவ்வளவு நல்ல வேலை நான் செஞ்சதில்ல."

நான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.

"அந்த ரூம் வாசல்ல, நிலைப்படிக்கு முன்னாடி, தரையில டயர் தேய்ச்ச கறுப்பு இருக்கு. பார்த்திருக்கியா?"

"இல்லண்ணே."

"ஒரே இடத்துல. வளைவா. முன்னாடி, பின்னாடி, முன்னாடி, பின்னாடி. எண்ண முடியல, அவ்வளவு தடவை. இடது சக்கரம் மட்டும். வலது கை போயிடுச்சு இல்ல அவளுக்கு, இடது கையாலதான் ஆட்டியிருக்கா."

"படி ஏறப் பார்த்திருப்பாங்கண்ணே."

"படி ஏறப் பார்த்தா தடம் படியில முட்டும். இது முட்டல. ஒரு சாண் தள்ளி இருக்கு. நான் அளந்தேன்." ஒரு புஷ்ஷை எடுத்து விரலில் மாட்டிச் சுற்றினார். சத்தமே இல்லாமல் சுற்றியது. "வாய் வரல அவளுக்கு. கோழியக் கத்த வெச்சுப் பார்த்திருக்கா ஸ்டோரு. பத்து வருஷமா அது ஒரு கத்து கத்துனா நான் எழுந்து உட்கார்ந்துடுவேன்னு அவளுக்குத் தெரியும். கத்தாதுங்கறது அந்த நேரத்துல மறந்திருக்கும். இல்ல, தெரிஞ்சும் ஆட்டியிருப்பா. ஆறடி தூரத்துல நான் நல்லாத் தூங்கிட்டு இருந்தேன்."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன், அந்தக் கூடத்தில், கையில் சாவிக்கொத்தோடு. என் வாய், என் கை, இரண்டும் இதில் இருக்கின்றன. நான் அண்ணியிடம் உளறாமல் இருந்திருந்தால் அவர் அசையாமல் உட்கார்ந்திருக்க மாட்டார், இவர் ராடு கேட்டிருக்க மாட்டார். அதை அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை.

"உங்கம்மாவுக்குச் சத்தம் வேணும்" என்று சொல்லி, அவர் புஷ்களை மறுபடி துணியில் சுற்றினார். "தூக்கம் கெட்டாக் கெடட்டும்."

நான் வீட்டுக்குப் போனபோது வீடு அமைதியாக இருந்தது. அம்மா நாற்காலியில் கூடத்துக்கும் சமையலறைக்கும் போய்வந்துகொண்டிருந்தாள், ஒரு முனகல் இல்லை. தையல் மெஷின் எண்ணெய் டப்பா மேசையில் திறந்து கிடந்தது.

"நாலு சொட்டு விட்டேன், அடங்கிடுச்சு பாரு. இதுக்குப் போயி அந்தத் தம்பியத் திட்டப் போறேன்னு கிளம்பினே" என்றாள்.

நான் அம்மாவைத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு, நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் நான்கு அச்சையும் துடைத்தேன். ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் துடைத்தேன். உனக்கு மூளை கெட்டுப்போச்சா என்று அம்மா கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். துடைத்து முடித்துவிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணனிடம் சொல்லாததையும் சேர்த்து. அம்மா என்னைத் திட்டவில்லை. என் தலையில் கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் லீவு. மதியம் சாப்பிட்டுவிட்டு நான் கூடத்தில் படுத்திருந்தேன். உள்ளேயிருந்து கோழி கத்தியது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஒரே இடத்தில் நின்று. எழுந்து ஓடினேன், கதவில் தோள் இடித்துக்கொண்டது. அம்மா சக்கரத்தில் இடது கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லடா. கேக்குதான்னு பார்த்தேன்."

அண்ணனுக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. தினமும் காலையில் ராடு வாங்க ஸ்டோர் ஜன்னலுக்கு வருகிறார். இப்போது நான் நேரான ராடாகப் பார்த்து எடுத்து வைக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று கேட்பார்.

"கத்துதா?"

"கத்துதுண்ணே."

தலையாட்டிவிட்டு லேத்துக்குப் போவார்.